குப்பியில் வந்த மனித நொதி: ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புரத ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் முதல் சில மாதங்களில் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மறுசேர்க்கை முறையில் செய்த மனித நொதி ஒன்று சின்னக் குப்பியில் வந்து இறங்கும். விலை அதிகம், அளவு மிகக் குறைவு, கூடவே நுணுக்கி நுணுக்கி எழுதிய ஒரு தகவல் தாள். அதைப் பார்த்ததும் எழும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம் இருந்தால் புரிவது எளிது. அதனால் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 என்ற நொதியையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். நம் சிவப்பணுக்களில் கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து பைகார்பனேட்டாக மாற்றுவது முக்கியமாக இதுதான். 260 அமினோ அமிலம், சுமார் 29 கிலோடால்டன் எடை, நடுவில் ஒரு துத்தநாக அயனி. ஒரே ஒரு மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் தடவை அளவில் இந்த வினையை நடத்தும்.

மனித நொதின்னு போட்டிருக்கே, மனுஷ உடம்புல இருந்து எடுத்ததா?

இல்லை. அந்த "மனித" என்ற சொல் அமினோ அமில வரிசையைத்தான் குறிக்கிறது. மனித மரபணுவில் இருக்கும் வரிசையை பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் பொருத்தி, வேறொரு செல்லுக்குள் அனுப்பி, அந்த செல்லைக்கொண்டு புரதத்தைச் செய்ய வைக்கிறார்கள். அந்த செல் பாக்டீரியாவாக இருக்கலாம், ஈஸ்ட்டாக இருக்கலாம், பூச்சியின் செல்லாக இருக்கலாம், ஆய்வகத்தில் வளரும் மனித செல்லாகவும் இருக்கலாம். ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் 1973இல் இந்த வழியைத் திறந்துவிட்டார்கள். 1978இல் மனித இன்சுலின் பாக்டீரியாவில் உருவானது, 1982இல் மருந்தாக அனுமதியும் பெற்றது.

அதற்கு முன்னால் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் வேண்டுமென்றால் ரத்தத்தைச் சேகரித்து, சிவப்பணுக்களை உடைத்துப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு ஆளின் ரத்தம், கூடவே தொற்றுநோய் பயம். மறுசேர்க்கை முறை வந்ததும் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

அப்போ பாக்டீரியாவுல செஞ்சதும் மனித செல்லுல செஞ்சதும் ஒண்ணுதானே? விலை குறைஞ்சதை வாங்கிடலாமா?

வரிசை ஒன்றாக இருக்கலாம், கையில் கிடைக்கும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படும் ஈ. கோலை பாக்டீரியா, மனித செல் செய்வதுபோல் புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகளைக் கட்டாது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களை இணைக்கும் டைசல்பைடு பிணைப்புகளும் அதன் செல்லுக்குள் எளிதில் உருவாகாது. இந்த இரண்டும் தேவைப்படும் நொதியைப் பாக்டீரியாவில் செய்தால் பல சமயம் மடிப்பு தவறி, கரையாத கட்டியாகச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். அந்தக் கட்டியை யூரியாவில் கரைத்து மறுபடி மடிக்க முடியும். ஆனால் எவ்வளவு பங்கு சரியாக மடிந்தது என்று தனியாகச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2க்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது செல்லுக்குள்ளே இருக்கும் புரதம், சர்க்கரை இல்லை, டைசல்பைடும் இல்லை. வளர்ப்பு ஊடகத்தில் கொஞ்சம் துத்தநாகம் சேர்த்தால் ஈ. கோலை அதை அழகாகச் செய்து தரும். செல்லின் கழிவைச் சிதைக்கும் பையான லைசோசோமின் நொதிகளின் கதை வேறு. அவை செல்லுக்குள் எடுத்துக்கொள்ளப்படுவதற்கே சர்க்கரைச் சங்கிலியில் இருக்கும் மேனோஸ்-6-பாஸ்பேட் அடையாளம் வேண்டும். அப்படிப்பட்ட சோதனைக்குப் பாலூட்டி செல்லில் செய்ததை வாங்குங்கள். உங்கள் நொதி இயற்கையில் செல்லுக்கு உள்ளே வாழ்கிறதா, வெளியே சுரக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

"ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்" னு எழுதியிருக்கு. தூய்மை 95 சதவீதத்துக்கு மேல இருந்தா உடம்புக்குள்ள செலுத்தலாம்தானே?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. ஆராய்ச்சிக் குப்பி கிருமி நீக்கம் செய்யப்பட்டது என்று யாரும் உறுதி தருவதில்லை. அதில் பாக்டீரியாவின் மிச்சங்கள், நச்சு, நிக்கல், பாதுகாப்புப் பொருள் என்று எதுவும் இருக்கலாம். உடம்பு அதை அந்நியமாகப் பார்த்துக் கடுமையான ஒவ்வாமையில் கொண்டுபோய் விடவும் கூடும்.

மனித நொதியை மருந்தாகக் கொடுப்பது உண்மைதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சளியை இளக்க, மனித டிஎன்ஏஸ் 1 நொதி 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சைனீஸ் ஹாம்ஸ்டர் சூலக செல்லில் செய்தது அது. பெயரும் வரிசையும் ஒன்றாக இருந்தாலும், அந்த மருந்து கடந்து வந்த உற்பத்திக் கட்டுப்பாடும் மனிதச் சோதனைகளும் நம் குப்பிக்குப் பின்னால் இல்லை.

பேருக்குப் பின்னாடி "ஹிஸ் டேக்" னு இருக்கு. அது என்ன, வெட்டி எடுத்துடணுமா?

புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை வழக்கமாக ஆறு தடவை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். நிக்கல் பூசிய பிசின்மேல் அந்த வால் ஒட்டிக்கொள்ளும், மற்ற புரதங்கள் கழுவிப் போய்விடும். பிறகு இமிடசோல் ஊற்றினால் நம் புரதம் விடுபட்டு வரும். ஜிஎஸ்டி, எம்பிபி என்ற பெரிய டேக்குகளும் உண்டு. முன்னது 26 கிலோடால்டன், பின்னது 42. இவை புரதம் கரைந்த நிலையில் இருக்க உதவும்.

ஹிஸ் டேக் சின்னது. பெரும்பாலான நொதிகள் அதைச் சுமந்துகொண்டே வேலை செய்யும். நொதி வேலை செய்யும் இடமான வினைமையம் அந்த முனைக்குப் பக்கத்தில் இருந்தாலோ, படிகம் வளர்க்கப்போகிறீர்கள் என்றாலோ, அந்த முனையில் வேறு புரதம் வந்து ஒட்ட வேண்டுமென்றாலோ எடுத்துவிடுவது நல்லது. டேக்குக்கும் புரதத்துக்கும் இடையில் டிஇவி புரோட்டியேஸ் என்ற நொதி வெட்டும் வரிசை வைத்திருக்கிறார்களா என்று தகவல் தாளில் பாருங்கள். ஜிஎஸ்டி விஷயத்தில் மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம். அது தானாகவே ஜோடி சேரும். தனியாக இருக்க வேண்டிய உங்கள் நொதியையும் சேர்த்து ஜோடியாக்கிவிடும்.

29 கிலோடால்டன்னு போட்டிருக்கு, ஜெல்லுல 31 கிட்ட ஓடுது. தப்பான புரதம் வந்துடுச்சா?

பெரும்பாலும் இல்லை. டேக், அதை இணைக்கும் துண்டு, வெட்டும் வரிசை எல்லாம் சேர்ந்தால் ஒன்றிரண்டு கிலோடால்டன் கூடிவிடும். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் புரதம் ஓடும் வேகமும் எடையை மட்டும் பொறுத்ததில்லை. அமிலத்தன்மை மிகுந்த புரதங்கள் சோம்பலாக நகர்ந்து, எடை கூடியதுபோல் காட்டும். சர்க்கரை ஏறும் வேறொரு புரதத்தை மனித செல்லில் செய்திருந்தால் அந்தச் சர்க்கரையால் பட்டை அகன்று மேலே ஏறி நிற்கும். பிஎன்ஜிஏஸ் எஃப் நொதியால் அந்தச் சர்க்கரையை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் பட்டை கீழே இறங்கும், சந்தேகமும் தீரும். எதிர்பார்த்ததைவிடப் பட்டை கீழே இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். புரதம் சிதைந்திருக்கலாம், அல்லது முழுப் புரதத்தையும் செய்யாமல் ஒரு பகுதியை மட்டும் செய்து விற்றிருக்கலாம். தாளில் எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள்.

95 சதவீதம் தூய்மைன்னா மீதி 5 சதவீதம் என்ன?

பெரும்பாலும், செய்து கொடுத்த செல்லின் சொந்தப் புரதங்கள். ஜெல்லைச் சாயம் போட்டு, பட்டைகளின் அடர்த்தியைப் பார்த்துச் சொன்ன எண் அது. நிக்கல் பிசினில் தானாக ஒட்டும் பாக்டீரியாப் புரதங்கள் சில உண்டு. ஹிஸ்டிடின் நிறைந்த ஸ்லைடி என்ற புரதம் அவற்றில் பேர்போனது.

நொதி விஷயத்தில் 5 சதவீதம் என்பது சின்ன அளவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஈ. கோலைக்குச் சொந்தமாகவே கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இருக்கிறது, கட்டமைப்பில் மனித நொதியோடு எந்த உறவும் இல்லாமல். நீங்கள் அளக்கும் வேலையில் ஒரு பங்கு அதனுடையதாக இருந்தால்? செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் சிதைக்கும் நொதிகளை அளப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பாக்டீரியாவில் அப்படிப்பட்ட நொதிகள் குவிந்து கிடக்கின்றன. இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே, வேலையை நிரூபிப்பது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

குப்பி காலியா வந்திருக்கு! திருப்பி அனுப்பட்டுமா?

அனுப்ப வேண்டாம். உறைய வைத்து உலர்த்திய 10 மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குத் தெரியாது. குப்பியின் சுவரிலோ மூடியிலோ மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் சில நொடிகள் சுற்றி அடிக்கு இறக்குங்கள். அப்படியே திறந்தால் மூடியோடு நொதியும் போய்விடும்.

எதுல கரைக்கணும்? வோர்டெக்ஸ் பண்ணா சீக்கிரம் கரையுமே?

தகவல் தாள் சொல்லும் திரவத்தில், அது சொல்லும் செறிவில். சில குப்பிகளுக்குச் சுத்தமான தண்ணீரே போதும், ஏனென்றால் பஃபர் உப்புகளும் (பிஹெச்சை நிலையாக வைப்பவை) ட்ரெஹலோஸ் போன்ற பாதுகாப்புச் சர்க்கரையும் தூளோடு சேர்ந்தே இருக்கின்றன. அதில் நீங்கள் மறுபடி பஃபர் ஊற்றினால் உப்பு இரட்டிப்பாகும். பொதுவாக மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, மெதுவாகச் சாய்த்துக் கலக்குங்கள். வோர்டெக்ஸ் என்ற அதிரவைக்கும் கருவி வேண்டாம். நுரை வந்தால் ஒவ்வொரு குமிழியின் மேற்பரப்பிலும் புரதம் விரிந்து மடிப்பை இழக்கும்.

செறிவு மிகக் குறைந்தால் இன்னொரு இழப்பு. பிளாஸ்டிக் சுவர் புரதத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்காகத்தான் சில தயாரிப்புகளில் மாட்டு சீரம் ஆல்புமினை நொதியைவிடப் பல மடங்கு கலந்து விற்கிறார்கள். வினையை மட்டும் அளப்பவர்களுக்கு அது நல்லது. நொதியின்மேல் பயோட்டினோ நிறமியோ ஒட்டப்போகிறவர்கள், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி செய்பவர்கள், புரத அளவைப் பிராட்ஃபோர்ட் சாயச் சோதனையில் சரிபார்க்க நினைப்பவர்கள் ஆல்புமின் இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது ஆல்புமினைத்தான்.

ஃப்ரீசர்ல எத்தனை தடவை உறைய வெச்சு எடுக்கலாம்?

ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைத்த அன்றே, ஒரு சோதனைக்குத் தேவையான அளவாகச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, திரவ நைட்ரஜனிலோ உலர் பனியிலோ சட்டென்று உறைய வைத்து, மைனஸ் 80இல் வையுங்கள். மெதுவாக உறைந்தால் முதலில் தண்ணீர் பனிக்கட்டியாகும், மிச்சத் திரவத்தில் உப்பும் புரதமும் செறிந்துகொண்டே போகும். சோடியம் பாஸ்பேட் பஃபரில் இது இன்னும் மோசம். டைசோடியம் பாஸ்பேட் முன்னதாகப் படிகமாவதால் பிஹெச் இரண்டு மூன்று அலகு வரை சரியும். நடுநிலையில் நீங்கள் வைத்த நொதி உறையும் நேரத்தில் அமிலத்தில் நிற்கும்.

50 சதவீதம் கிளிசரால் இருக்கும் குப்பியை மைனஸ் 20இல் வைத்தால் உறையாது, திரவமாகவே இருக்கும். தேவைப்படும்போது எடுத்து, பனிக்கட்டிமேல் வைத்து, உடனே திருப்பி வைத்துவிடலாம். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். அது நமக்குத் தெரியாமலே சூடாகிச் சூடாகிக் குளிரும்.

ஒரு கம்பெனி 1000 பிகோமோல்னு போடுது, இன்னொண்ணு 3 யூனிட்னு போடுது. எது வலுவானது?

முதலில் அலகை ஒன்றாக்குங்கள். ஒரு யூனிட் என்பது, சொன்ன சூழலில், நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் தளப்பொருளை மாற்றும் நொதியின் அளவு. தளப்பொருள் என்றால் நொதி எதன்மேல் வேலை செய்கிறதோ அது. நிமிடத்துக்கு, ஒரு மைக்ரோகிராமுக்கு 1000 பிகோமோல் என்றால் அது ஒரு மில்லிகிராமுக்கு 1 மைக்ரோமோல், அதாவது மில்லிகிராமுக்கு 1 யூனிட். அந்த 3 யூனிட்டும் மில்லிகிராமுக்கு என்றால், பெரிய எண்ணாகத் தெரிந்த 1000தான் இங்கே சின்னது. கேட்டல் என்ற அனைத்துலக அலகில் ஒரு யூனிட் 16.67 நானோகேட்டல்.

அலகை ஒன்றாக்கிய பிறகும் ஒப்பிட முடியாமல் போகலாம். கார்பானிக் அன்ஹைட்ரேஸை கார்பன் டை ஆக்சைடைக் கொண்டும் அளக்கிறார்கள், 4-நைட்ரோஃபீனைல் அசிடேட் என்ற செயற்கைத் தளப்பொருளைக் கொண்டும் அளக்கிறார்கள். முதல் முறையில் வில்பர்-ஆண்டர்சன் யூனிட் வரும். 0 டிகிரியில் பிஹெச் 8.3லிருந்து 6.3க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலிருந்து கணக்கிடுவது அது. இரண்டாவது வினையில் இதே நொதி பல மடங்கு மெதுவானது. ஒரே குப்பிக்கு இரண்டு எண்கள், இரண்டும் சரி. எண்ணைப் பார்ப்பதற்கு முன் தளப்பொருள், வெப்பநிலை, பிஹெச் மூன்றையும் பாருங்கள்.

10 மைக்ரோகிராமை 100 மைக்ரோலிட்டர்ல கரைச்சேன். எத்தனை மைக்ரோமோலார்?

மைக்ரோகிராமை மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டும். 29,000க்கு 10 மைக்ரோகிராம் என்பது சுமார் 345 பிகோமோல். 100 மைக்ரோலிட்டரில் அது 3.4 மைக்ரோமோலார். டேக்கோடு சேர்ந்த எடையைப் போடுங்கள். எம்பிபி போன்ற பெரிய டேக் இருந்தால் அதை மறந்த கணக்கு இரண்டரை மடங்கு பிசகும்.

புரத அளவு சரியா இருக்கு, ஜெல்லுல ஒரே பட்டை, ஆனா வேலையே செய்யலை. என்ன தப்பு?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். புரதம் இருக்கிறது என்பதும் நொதி இருக்கிறது என்பதும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டிய விஷயங்கள். ஜெல்லும் பிராட்ஃபோர்டும் முதலாவதை மட்டும்தான் காட்டும். விற்பனையில் இருக்கும் மறுசேர்க்கைப் புரதங்களில் பல, ஆன்டிபாடி உண்டாக்கவோ எலைசா என்ற ஆன்டிபாடிச் சோதனையில் அளவுகோலாக வைக்கவோ செய்தவை. அவை வேலை செய்யும் என்று தயாரித்தவரே சொல்வதில்லை. தகவல் தாளில் செயல்திறன் என்ற பகுதி காலியாக இருந்தாலோ, "சோதிக்கப்படவில்லை" என்று இருந்தாலோ உங்கள்மேல் தப்பே இல்லை, வாங்கிய பொருளே வேறு. என்னோடு வேலை செய்த ஒரு மாணவி இப்படி ஒரு குப்பியோடு ஏழு வாரம் போராடினாள். அந்த ஒரு வரியை முதல் நாளே சேர்ந்து உட்கார்ந்து படித்திருக்கலாமே என்று இன்றும் எனக்கு வருத்தம்.

செயல்திறன் எழுதியிருந்தும் வேலை செய்யவில்லை என்றால், அது இன்னும் விழிக்காத முன்வடிவமாக வந்திருக்கலாம். புரதங்களை வெட்டும் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் முன்பகுதியில் இருக்கும் ஒரு சிஸ்டீன், வினைமையத்தின் துத்தநாகத்தைப் பிடித்து அடைத்து வைத்திருக்கும். ஏபிஎம்ஏ என்ற பாதரசச் சேர்மத்தோடு 37 டிகிரியில் வைத்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். கேதெப்சின்கள் என்ற புரதம் வெட்டும் நொதிகளில் சில அமில பிஹெச்சில் தாங்களாகவே வெட்டிக்கொண்டு விழிக்கும். தாளில் "புரோ" என்ற முன்னொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பஃபர். ஈடிடிஏ கால்சியத்தையும் துத்தநாகத்தையும் கவ்வி மெட்டலோபுரோட்டினேஸ்களை நிறுத்திவிடும். சிஸ்டீனை வினைமையத்தில் கொண்ட நொதிகளுக்கு டிடிடி போன்ற ஒடுக்கி வேண்டும், டைசல்பைடை நம்பி நிற்கும் நொதிகளுக்கு அதே டிடிடி எமன். பாக்டீரியா வளராமல் இருக்கப் போடும் சோடியம் அசைடு, கார்பானிக் அன்ஹைட்ரேஸின் துத்தநாகத்திலேயே போய் உட்காரும். பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ்களுக்கு ஏடிபியோடு மெக்னீசியமும் வேண்டும். ட்ரிஸ் பஃபரை அறை வெப்பத்தில் பிஹெச் 8.0க்குச் சரிசெய்து 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 7.7 ஆகிவிடும், 4 டிகிரியில் 8.6 பக்கம் இருக்கும். எந்த வெப்பநிலையில் அளக்கிறீர்களோ அங்கேயே பிஹெச்சைச் சரிசெய்யுங்கள்.

நொதியே போடாத குழாயிலும் மஞ்சள் நிறம் வருதே?

வரத்தான் செய்யும். 4-நைட்ரோஃபீனைல் அசிடேட் தண்ணீரில் தானாகவே சிதைந்து மஞ்சள் நைட்ரோஃபீனாலை விடும், பிஹெச் ஏற ஏற வேகமாக. அதனால் நொதி இல்லாத குழாய் ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டும், அதன் வேகத்தைக் கழித்த பிறகுதான் மிச்சம் நொதியுடையது. தளப்பொருள் கரைசலை அன்றன்று புதிதாகச் செய்யுங்கள்.

நிறத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விடுபடும் நைட்ரோஃபீனால் முழுவதும் மஞ்சளாக இருக்காது. பிஹெச் 7.4இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் மஞ்சள் வடிவத்தில் நிற்கும். 400 நானோமீட்டரில் அளப்பவர்கள் தங்கள் பஃபரிலேயே நைட்ரோஃபீனால் அளவுகோல் போட வேண்டும். 348 நானோமீட்டரில் இரண்டு வடிவமும் ஒரே அளவு ஒளியை உறிஞ்சுவதால் பிஹெச் தொல்லை இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

நொதியை ரெண்டு மடங்கு போட்டேன், வேகம் ரெண்டு மடங்கு ஆகலையே?

நீங்கள் எந்த நேரத்தில் வேகத்தை எடுத்தீர்கள்? பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு அளவு எடுத்திருந்தால், அதிகம் நொதி போட்ட குழாயில் தளப்பொருள் பாதி தீர்ந்திருக்கும். தளப்பொருளில் பத்தில் ஒரு பங்கு தீர்வதற்குள், கோடு நேராக இருக்கும் ஆரம்பப் பகுதியில் சாய்வை எடுங்கள். நொதியைக் குறைத்துக் குறைத்து ஐந்தாறு அளவுகளில் போட்டு வரைந்தால் எங்கே நேர்கோடு முடிகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

மேல் முனையில் வளைந்தால் தளப்பொருள் தீர்வதோ, கருவியின் எல்லையோ காரணம். கீழ் முனையில், நொதி மிகக் குறைந்த இடத்தில் எதிர்பார்த்ததைவிட வேகம் விழுந்தால், கரைப்பது பற்றிச் சொன்ன அந்தப் பிளாஸ்டிக் சுவர்தான். 0.01 சதவீதம் ட்ரைட்டான் என்ற சோப்புப் பொருளோ கொஞ்சம் ஆல்புமினோ சேர்த்துப் பாருங்கள்.

புது லாட் வாங்கினேன், பழைய முடிவோட ஒத்துப்போகலை. எதை நம்பறது?

பழைய லாட்டில், அதாவது முன்பு வாங்கிய தயாரிப்புத் தொகுதியில், இரண்டு குழாயாவது மிச்சம் இருந்தால் பதில் கிடைக்கும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே தட்டில், ஒரே தளப்பொருளில் ஓட்டுங்கள். மைக்ரோகிராமைச் சமமாக வைக்காமல், வேகத்தைச் சமமாக வைத்துச் சோதனையைத் தொடருங்கள். குறிப்பேட்டில் லாட் எண் எழுதாதவர்களுக்கு என்னால் உதவ முடிந்ததே இல்லை.

செல்லு மேல நொதியைப் போட்டேன், அழற்சிக் குறி ஏறிடுச்சு. நொதிதான் காரணமா?

அவசரப்பட வேண்டாம். ஈ. கோலையில் செய்த எந்தப் புரதத்திலும் அதன் வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடு, அதாவது எண்டோடாக்சின் ஒட்டிக்கொண்டு வரும். மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் அதை மிகச் சிறு அளவிலேயே கண்டுபிடித்துக் கூச்சல் போடும். ஜெல்லில் அது தெரியாது, 95 சதவீதத் தூய்மையில் அது கணக்கிலேயே இல்லை. குதிரைலாட நண்டின் ரத்த செல்களிலிருந்து செய்யும் எல்.ஏ.எல். சோதனையில் பெரும்பாலும் அளக்கிறார்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. நொதியை 95 டிகிரியில் கொதிக்க வைத்துவிட்டு செல்லில் போடுங்கள். நொதி செத்துப்போகும், எண்டோடாக்சின் வெப்பத்துக்கு மசியாது. விளைவு அப்படியே இருந்தால் நொதியைக் குற்றம் சொல்ல முடியாது. எண்டோடாக்சினைப் பிடித்து அடைக்கும் பாலிமிக்சின் பி சேர்த்ததும் விளைவு குறைந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். செல் சோதனைக்கு வாங்கும்போது எண்டோடாக்சின் எண் அச்சிட்ட லாட்டைக் கேளுங்கள். மனித செல்லில் செய்ததாக இருந்தாலும் கேளுங்கள், தண்ணீரிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும்கூட அது வந்து சேரும்.

நான் பார்க்கிற வேலை இந்த நொதியோடதுதான்னு எப்படி நிரூபிக்கிறது?

ஒரே வரிசை, ஒரே டேக், ஒரே செல், ஒரே சுத்திகரிப்பு, ஆனால் வினைமையத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாற்றப்பட்டு வேலை இழந்த புரதம் இருந்தால் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2இல் துத்தநாகத்தை மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன: 94, 96, 119. அவற்றில் ஒன்றை மாற்றினால் துத்தநாகப் பிடி தளர்ந்துவிடும். அந்தப் புரதத்திலும் வேலை அப்படியே தெரிந்தால், தூய்மை பற்றிய கேள்வியில் சொன்ன அந்த மீதி 5 சதவீதம்தான் வேலை செய்கிறது.

திடீர்மாற்றப் புரதம் கிடைக்காதபோது தடுப்பான் உதவும். அசெட்டசோலமைடு என்ற மருந்து இந்த நொதியை மிக இறுக்கமாகப் பிடிக்கும். வேகம் பின்னணி அளவுக்கு விழ வேண்டும். பாதியில் நின்றால், நிற்கும் பாதி யாருடையது என்று தேடுங்கள்.

அசெட்டசோலமைடுக்கு 10 நானோமோலார் பக்கம்னு எல்லாரும் எழுதறாங்க, எனக்கு ஐசி50 60 வருது. நான் எங்கே தப்பு பண்றேன்?

கைவேலையில் தப்பு இருக்காது. ஐசி50 என்பது வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் தடுப்பானின் செறிவு. குழாயில் எத்தனை நானோமோலார் நொதி வைத்திருக்கிறீர்கள்? நைட்ரோஃபீனைல் அசிடேட் வினை மெதுவானது என்று அலகு பற்றிய கேள்வியில் பார்த்தோம். அதனால் நிறம் தெரிய நொதியைத் தாராளமாக, 100 நானோமோலார் என்று வைத்திருப்பீர்கள். பாதி நொதியை நிறுத்துவதற்கே 50 நானோமோலார் தடுப்பான் செலவாகிவிடும், மூலக்கூறுக்கு மூலக்கூறு. அதோடு 10ஐக் கூட்டினால் உங்கள் 60. நொதியின் செறிவில் பாதிக்குக் கீழே எந்தத் தடுப்பானின் ஐசி50யும் இறங்காது. நொதியைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். முடியாவிட்டால் இறுக்கமாகப் பிடிக்கும் தடுப்பான்களுக்கான மோரிசன் சமன்பாட்டைப் போட்டு இறுக்கத்தைக் கணக்கிடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சில சேர்மங்கள் தண்ணீரில் திரண்டு நுண்துகள்களாகி, எந்த நொதியைக் கண்டாலும் வாரிச் சுருட்டிக்கொள்ளும். நல்ல தடுப்பான் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துபோவோம். 0.01 சதவீதம் ட்ரைட்டான் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் அது திரட்சிதான்.

சரி, குப்பியில இருக்கிற புரதத்துல உண்மையிலேயே வேலை செய்யறது எத்தனை பங்கு?

முந்தைய பதிலில் தொல்லையாக இருந்ததே இங்கே உதவிக்கு வருகிறது. புரத அளவின்படி 1 மைக்ரோமோலார் நொதி எடுத்துக்கொள்ளுங்கள். அசெட்டசோலமைடின் பிடி நானோமோலாரில் இருப்பதால், இந்தச் செறிவில் சேர்க்கும் ஒவ்வொரு மூலக்கூறும் வேலை செய்யும் ஒரு நொதியில் போய் உட்காரும், வெளியே மிச்சம் அநேகமாக இருக்காது. செத்த புரதம் தடுப்பானைப் பிடிக்காது. 0.1, 0.2, 0.3 மைக்ரோமோலார் என்று கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் பின்னணியைக் கழித்த வேகத்தை வரையுங்கள். கோடு நேராக இறங்கும். அதை நீட்டினால் அடிக்கோட்டை எங்கே தொடுகிறதோ அதுதான் உயிருள்ள நொதியின் செறிவு. 0.7இல் தொட்டால், உங்கள் குப்பியில் நூற்றுக்கு எழுபதுதான் வேலை செய்கிறது.

இதற்கு நொதி கொஞ்சம் அதிகம் செலவாகும். ஆனாலும் ஒவ்வொரு புது லாட்டுக்கும் ஒரு தடவை செய்யச் சொல்வேன். கோடு 1 மைக்ரோமோலாரையும் தாண்டிப் போய் அடிக்கோட்டைத் தொட்டால், தடுப்பான் கரைசலின் செறிவைத்தான் முதலில் சரிபாருங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் வைத்த பழைய கரைசல் காற்றிலிருந்து ஈரம் வாங்கி நீர்த்திருக்கும். புதிதாக நிறுத்து, புதிதாகக் கரைத்து, மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.